டப்பாவில் ‘ம்’ இருக்கா?

பில் கவுண்டரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டபோது, எதைப் பற்றி என்று கேட்டேன். “உங்க அனுபவத்தைச் சொல்லுங்க மேடம்” என்றார்கள். பில் போடுவது எப்படி என்று நான் சொல்லத் தேவையில்லை. நீங்கள் பொருளைக் காட்டினாலே மெஷின் ஒரு சத்தம் போட்டு விலையைப் போட்டுவிடுகிறது. நாங்கள் கார்பன் வைத்துக் கையால் எழுதிக் கூட்டிக் கொடுத்துவிட்டு, வாங்குகிறவர் அதை மறுபடி கூட்டிச் சரிபார்க்கும் வரை பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம். அந்தப் பெருமையையெல்லாம் நான் ஆரம்பித்தால் நீங்கள் மேஜைக்குக் கீழே செல்போனைப் பார்ப்பீர்கள். உங்கள் இடத்தில் நானாக இருந்தாலும் பார்ப்பேன்.

ஆனால் போன வாரம் உங்கள் கடைக்கு நான் சாமான் வாங்க வந்திருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த கூப்பன் ஒன்றை எடுத்தார். உடனே உங்களில் ஒருவர் பக்கத்துக் கவுண்டரைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். யார் என்று சொல்ல மாட்டேன். இப்போது இரண்டாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார், அவ்வளவுதான். சரி, கூப்பனைப் பற்றியே பேசிவிடலாம் என்று அப்போதே முடிவு செய்தேன்.

கூப்பனோடு வருகிறவரைக் கஞ்சம் என்று நினைப்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் முதல் மாதத்தில் வரும் காய்ச்சல். எனக்கும் வந்தது. உண்மையில், நாம் அச்சடித்ததை முழுதாகப் படித்த ஒரே ஆள் அவர்தான். நம் முதலாளிகளே படித்திருக்க மாட்டார்கள். நான் கவுண்டரில் இருந்த காலத்தில் பட்டாபிராமிலிருந்து ஒரு பெரியவர் ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்ற சோப்புக் கூப்பனோடு வந்து, “எனக்கு அந்த ஒண்ணு வேணாம்மா, இலவசத்தை மட்டும் குடு” என்று கேட்டார். சிரித்து அனுப்பியிருக்கலாம். அவருக்குப் பின்னால் அதே சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பன் இல்லாமல் நின்ற ஒரு பெண்ணைக் காட்டினேன். இருவரும் பாதிப் பாதி காசு போட்டு ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு அது கால் நிமிட வேலை. அந்தப் பெரியவர் கடைசி வரை வேறு கடைக்குப் போகவில்லை.

இப்போது சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த தையல் கம்பெனியை மூடிவிட்டார்கள். பிறகு ஆவடியில் ‘கதம்பம்’ என்ற கடையில் பில் கவுண்டரில் உட்கார்ந்தேன். வாங்குகிறவர்களே கூடையை எடுத்துக்கொண்டு அலமாரி அலமாரியாகப் போய்ச் சாமான் எடுக்கும் கடை அந்தப் பக்கத்தில் அப்போது புதுசு. சிலர் வாசலில் கழற்றிய செருப்புக்குப் பக்கத்திலேயே கூடையை வைத்துவிட்டு, எடுத்ததையெல்லாம் முந்தானையில் கட்டிக்கொண்டு வருவார்கள்.

முதலாளி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து கடை முழுவதையும் பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலானவர்கள் பாதுகாப்புத் துறை தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்த குடும்பங்கள். தமிழ்நாட்டின் எல்லா ஊர்ப் பேச்சும் என் கவுண்டருக்கு வரும். வெள்ளானூரிலிருந்தும் சைக்கிளில் வந்து வாங்கிப் போவார்கள்.

கடை கொஞ்சம் சுணங்கிய நேரத்தில் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு ஐம்பது ரூபாய் பில்லுக்கும் ஒரு கூப்பன். கூப்பனில் ஒரே ஒரு எழுத்து இருக்கும். ‘கதம்பம்’ என்று எழுத்துகளைச் சேர்த்துக் கொண்டு வந்தால் ஒரு மாத மளிகை இலவசம். அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய், சோப்பு வரை எல்லாம். கூப்பன்கள் ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவில் இருக்கும். பில்லைக் காட்டிவிட்டு அவரவரே கையை விட்டு எடுத்துக்கொள்ளலாம்.

இந்த மாதிரித் திட்டத்தில் ஏதாவது ஒரு எழுத்தைக் குறைவாக அடிப்பது வழக்கம். முதலாளி ‘ம்’ என்ற எழுத்தைத் தேர்ந்தெடுத்தார். தன் கடைப் பெயரில் இரண்டு ‘ம்’ இருக்கிறது என்பதை, கூப்பன் அச்சாகி வந்த பிறகுதான் கவனித்தார். நான்தான் சொன்னேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். “பரவால்ல, நல்லதுதானே” என்று உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து என் பாடு திண்டாட்டம். “ம் வந்துச்சா?” என்று கேட்பார்கள். “ம்” என்று நான் வேறு எதற்கோ தலையாட்டியிருப்பேன். “எங்கே, எங்கே?” என்று நாலு பேர் ஓடி வருவார்கள். சாமான் கட்டும் கஜா, வளர்ந்த ஆள், கல்யாணம் ஆனவன், அவனுக்கு இது பெரிய வேடிக்கை. “யக்கா, நீ இனிமே வாயத் தொறந்து ஆமான்னு சொல்லு. உன் ம்முக்கு ஊட்டுக்கு ஊடு சண்டை வந்துகினு கீது” என்பான்.

சண்டை என்றது உண்மைதான். குவார்ட்டர்ஸில் ஸ்டெல்லா அக்கா, விஜயா அக்கா என்று இரண்டு பேர். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் ஒரு குடும்பம். ஸ்டெல்லா அக்கா திருச்சிக்காரர். விஜயா அக்கா கோயம்புத்தூர்ப் பக்கம். கடைக்குச் சேர்ந்தேதான் வருவார்கள். ஒருவர் கூடையில் எடுத்த பருப்பை மற்றவர் வெளியே எடுத்து வைத்து, “இது போன வாரம் வண்டு விழுந்தது” என்று சொல்லும் அளவுக்கு நெருக்கம். திட்டம் வந்ததும் இரண்டு பேரும் கூட்டணி வைத்து என்னைப் படுத்தினார்கள். இருநூறு ரூபாய்ச் சாமானை நாலு பில்லாகப் பிரிப்பார்கள். நாலு பில்லுக்கும் நாலு முறை கூட்டல். பின்னால் வரிசை வாசலைத் தாண்டும். மொத்த பில்லிலேயே நாலு கூப்பன் தருகிறேன் என்றாலும் ஸ்டெல்லா அக்கா ஒத்துக்கொள்ள மாட்டார். “தனித்தனியா எடுத்தாத்தான் கை ராசி” என்பார்.

முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே ஸ்டெல்லா அக்காவுக்கு ஒரு ‘ம்’ கிடைத்தது. நாலு நாள் கழித்து விஜயா அக்காவுக்கும் ஒன்று. மற்ற எழுத்துகள் இருவரிடமும் கட்டுக்கட்டாக இருந்தன. இரண்டு ‘ம்’மையும் சேர்த்தால் ஒருவருக்குப் பரிசு. யாருக்கு?

அதோடு கூட்டணி முடிந்தது. விஜயா அக்கா காலையில் வருவார், ஸ்டெல்லா அக்கா சாயங்காலம் வருவார். ஒருநாள் விஜயா அக்கா குனிந்து என் காதில், “ம் ஏதாச்சும் வந்தா எனக்கு எடுத்து வைங்க. இந்த மாசம் மளிகைக் காசு மிச்சமாச்சுன்னா புள்ளய நல்ல ஸ்கூல்ல சேர்த்துப் போடுவேன்” என்றார். அன்று சாயங்காலமே ஸ்டெல்லா அக்கா, “என் பொண்ணுக்குப் புதுநன்மை வருதும்மா, முதல் தடவையா நற்கருணை வாங்கப் போறா. கோவில்ல எல்லாப் பிள்ளைங்களும் வெள்ளை கவுன் போட்டு நிக்கும். நான் என்ன போட்டு அனுப்ப? ம் வந்தா எனக்கு” என்றார். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். டப்பாவில் கையை விடுங்கள், அதிர்ஷ்டம் இருந்தால் வரும். அதை நம்பித்தான் சொன்னேன்.

அதன் பிறகு வாரக்கணக்கில் ஒரு ‘ம்’ கூட வரவில்லை.

தொழிற்சாலையில் சம்பளம் போட்ட மறுநாள் சனிக்கிழமை. கடையில் கூட்டம் சேரும் முன்பே முதலாளி என்னை அறைக்குள் கூப்பிட்டார். மேஜை டிராயரைத் திறந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்து, அதிலிருந்து ஒரு கூப்பனை என் பக்கம் நகர்த்தினார். ‘ம்’.

“இன்னைக்கு அந்த ஸ்டெல்லா அம்மா வருவா. குவார்ட்டர்ஸ்ல அவ சொன்னா பத்து வீடு கேக்கும். அவளுக்கு விழுந்துட்டுன்னு வை, நம்ம கடை பேரு ஊரெல்லாம் போயிரும். டப்பாவுல நீயே கைய விட்டு எடுக்குத மாதிரி எடுத்து, இதக் குடுத்துரு.”

“டப்பாவுல இருக்கறதே வரட்டுமே சார்.”

“டப்பாவுல எங்கம்மா இருக்கு? ஆசைக்கு முதல்ல கொஞ்சம் போட்டேன். மிச்சம் எல்லாம் இந்தக் கவர்ல இருக்கு. கடைசி வாரம் போடலாம்னு வச்சிருக்கேன்.”

எனக்கு முதலில் கோபம் வரவில்லை. அந்த டப்பாவுக்குள் போன கைகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. சிலர் கண்ணை மூடிக்கொண்டு கையை விடுவார்கள். ஒரு அம்மா சிலுவை போட்டுக்கொண்டு விடுவார். ஒருவர் கைக்குழந்தையின் விரலை விட்டு எடுக்க வைப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து “நல்லாக் கலக்கி எடுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

“நான் எடுத்துக் குடுக்கல சார். எல்லாத்தையும் டப்பாவுல போட்டுடுங்க.”

“உனக்கு யாவாரம் தெரியாது.”

“தெரியாது சார். என்னால அவங்க கண்ணைப் பார்த்துட்டு அப்படிக் குடுக்க முடியாது.”

கூப்பனை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன். வந்து உட்கார்ந்து பில் புத்தகத்தைத் திறந்தேன். அப்போது என் வீட்டில் வருகிற சம்பளம் என்னுடையது மட்டும். இதை வீரமாகச் சொல்லவில்லை. பேனா பிடிக்க வரவில்லை, அதனால் பில் எழுத்து கோணலாக வந்தது, கஜா பார்த்து, “இன்னாக்கா, காபி சாப்டலியா?” என்று கேட்டான் என்பதற்காகச் சொல்கிறேன்.

பத்து மணிக்கெல்லாம் கடை நிறைந்துவிட்டது. வரிசையில் விஜயா அக்கா முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் தள்ளி ஸ்டெல்லா அக்கா. கூட்டணி முறிந்த பிறகு இருவரும் ஒரே நேரத்தில் வந்தது அன்றைக்குத்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஸ்டெல்லா அக்கா கூரையில் சுற்றும் ஃபேனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

விஜயா அக்காவின் பில் முடிந்தது. கூப்பன் எடுத்தார். ‘த’. இன்னொன்று. ‘ப’. அடுத்தது மறுபடியும் ‘த’. காசு முடிந்து வைத்திருந்த கர்ச்சீப்பை அவிழ்த்தார். உள்ளே தனியாக மடித்த ஒரு ஐம்பது ரூபாய் நோட்டு இருந்தது.

“இது ஸ்கூல் அப்ளிகேசனுக்குன்னு வச்சது. இதுக்கும் எதையாச்சும் எடுத்துட்டு வந்து ஒருவாட்டி கைய விட்டுப் பார்க்கட்டுமா? உண்மையச் சொல்லுங்க, டப்பாவுல ம் இருக்குதுங்களா?”

இந்தக் கேள்வியை அதற்கு முன் நூறு பேர் கேட்டிருப்பார்கள். “ம்” என்று ஒரு சத்தம் கொடுத்தால் முடிந்தது. அது பொய் என்று கூட யாரும் சொல்ல முடியாது. இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம், கேட்டேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம். கண்ணாடிக்குப் பின்னால் முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லக்கா” என்றேன்.

“இல்லைன்னா?”

“இந்த டப்பாவுல இப்போ ம் இல்ல. அந்த நோட்டை உள்ளே வைங்க.”

பின்னாலிருந்து ஸ்டெல்லா அக்கா, ஃபேனை விட்டுவிட்டு, நிதானமாகக் கேட்டார். “அப்போ எங்கம்மா இருக்கு?”

நான் கண்ணாடிக் கதவைப் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள். ஒரு பெண் கூடையைத் தரையில் வைத்துவிட்டு எதுவும் பேசாமல் வெளியே போனார். அடுத்து இன்னொருவர் போனார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது.

முதலாளி வெளியே வந்தார். கையில் அந்தப் பழுப்புக் கவர். அவரை அவ்வளவு குள்ளமாக அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“ம் எங்கிட்டத்தான் இருக்கு. எங்க ஊருல மச்சினன் இப்படி ஒரு ஸ்கீம் போட்டான். முதல் வாரமே எல்லாருக்கும் பரிசு விழுந்துட்டு. பொறவு கடைய ஒருத்தரும் எட்டிப் பாக்கல. அந்தப் பயத்துல எடுத்து வச்சுட்டேன். தப்புதான்.”

ஸ்டெல்லா அக்கா ஒரு அடி முன்னால் வந்தார். “நாங்க உங்க கடைக்கு அரிசி பருப்பு வாங்கத்தான் சார் வர்றோம். எழுத்துப் பொறுக்க வரல” என்றார். குரலில் நிஜமான வருத்தம். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போது எனக்கு முன்னால் நின்ற விஜயா அக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாரோ என்று பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

“யாரு, நீயா அரிசி பருப்பு வாங்க வர்றே? போன வாரம் பில்லு அம்பது வரலைன்னு மூணு கட்டு ஊதுபத்தி வாங்கிட்டுப் போனதை நான் சன்னல்ல பார்த்தேன். மாதா படத்துக்கு மெழுகுவத்தி தவிர வேற எதுவும் ஏத்தாதவ, உனக்கு எதுக்குடி ஊதுபத்தி?”

மூன்று வாரத்தில் அவர் ஸ்டெல்லா அக்காவிடம் பேசிய முதல் வார்த்தை அது.

“உனக்குத்தான் வாங்கினேன்” என்றார் ஸ்டெல்லா அக்கா. “மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறியே, எப்படிக் குடுக்கறது? அலமாரியிலதான் கிடக்கு.”

அது உண்மையா, அந்த நிமிடத்தில் தோன்றியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. விஜயா அக்காவுக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. கண் கலங்கியது. நடுவில் நின்ற இரண்டு பேரும் தாமாகவே ஒதுங்கி வழி விட்டார்கள்.

வரிசையில் மற்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு வந்துவிட்டால் கலவரம் வராது. ஆனால் அதை நம்பிச் சும்மா இருக்கவும் கூடாது. முதலாளி என்னைப் பார்த்தார். கோபமும் இருந்தது, என்ன செய்வது என்ற கேள்வியும் இருந்தது. கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன். “கவர்ல இருக்கறதை எல்லாருக்கும் முன்னால டப்பாவுல கொட்டிடலாம் சார். பழைய பில் வச்சிருக்கறவங்க ஒரு குடும்பத்துக்கு ஒரு தடவை சும்மாவே எடுத்துக்கட்டும்.” அவர் கவரைக் கவிழ்த்தார். கஜா டப்பாவை இரண்டு கையாலும் தூக்கி, சல்லடையில் மாவு குலுக்குவது போலக் குலுக்கினான். “பாத்துக்கோங்க, எல்லாம் கீது, அப்பால யாரும் என்னியக் கேக்கக் கூடாது” என்றான்.

அன்று சாயங்காலம் வரை கூட்டம் ஓயவில்லை. நாலைந்து குடும்பங்களுக்குப் பரிசு கிடைத்தது. முதலாளி நினைத்ததைவிட அது அதிகம்தான். காலையில் கூடையை வைத்துவிட்டுப் போனவர்களில் ஒருவர் கடைசி வரை திரும்பி வரவே இல்லை. எதிர்ச் சாரியில் இருந்த பழைய மளிகைக் கடையில் அவர் வாங்குவதை வாசலிலிருந்து பார்ப்பேன். நீங்கள் எவ்வளவு சரியாக நடந்துகொண்டாலும் அப்படி ஒருவர் போகத்தான் செய்வார்.

ஸ்டெல்லா அக்காவும் விஜயா அக்காவும் டப்பாவில் கை விடவே இல்லை. இரண்டு ‘ம்’மையும் என் முன்னால் சேர்த்து வைத்தார்கள். ஒரு மாத மளிகையை வாங்கிக்கொண்டு கஜாவின் மேஜையிலேயே பாதியாகப் பிரித்தார்கள். அரிசி ஆளுக்குப் பாதி, பருப்பு ஆளுக்குப் பாதி. ஒரே ஒரு பெருங்காய டப்பா மிஞ்சியது. அதை அவர் இவர் பையில் போட, இவர் எடுத்து அவர் பையில் போட, அதற்கு ஒரு சண்டை. பரிசுக்கு நடந்த சண்டையைவிட இதில்தான் சத்தம் அதிகம். கடைசியில் யார் கொண்டுபோனார்கள் என்று நான் பார்க்கவில்லை. எனக்கு வரிசை இருந்தது.

மத்தியானம் கூட்டம் கொஞ்சம் குறைந்த நேரத்தில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். நிற்கச் சொல்லவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. டிராயரைத் திறந்து மூடினார்.

“காலையில உன்னை நிப்பாட்டிரணும்னுதான் நெனச்சேன்” என்றார்.



“பொறவு யோசிச்சேன். உன் இடத்துல வேற பிள்ள உக்காந்தா இந்தப் பொம்பளைங்க அவகிட்ட ஒண்ணும் கேக்க மாட்டாங்க. கதவத் தொறந்துக்கிட்டு நேரா எங்கிட்ட வந்து கேப்பாங்க. அத என்னால தாங்க முடியாது. போ, போய் வேலையப் பாரு.”

மன்னிப்பும் இல்லை, பாராட்டும் இல்லை. இந்தத் தொழிலில் அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். அதன் பிறகு எந்தக் கூப்பன் அச்சுக்குப் போனாலும் முதலில் என் கவுண்டருக்கு வந்துதான் போனது. ஏன் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

உங்கள் மெஷினிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். உங்களிடம்தான் கேட்பார்கள். இந்தச் சலுகை நிஜமா, இந்த எண்ணெய் நல்லதா, நாளைக்கு வந்தால் இன்னும் குறையுமா என்று. கேட்கிறவர் கையில் ஒரு மடித்த நோட்டு இருக்கும். அது எதற்காக எடுத்து வைத்தது என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். கண்ணை உருட்டுவதை வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கவரைக் கவிழ்த்த நாளுக்கு மறுநாள் காலை, கதம்பம் கடை திறந்ததும் முதல் ஆளாக ஒரு அம்மா வந்தார். “இந்த உளுந்து புதுசா வந்ததாம்மா?” என்று கேட்டார். நான் எழுந்து போய், மூட்டையைப் பிரித்து, ஒரு கை அள்ளி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொன்னேன்.